போகும் தூரம், திரும்பும் தூரம்

எங்கள் ஆபீஸில் சோதனைப் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். நான் எழுதும் நிரலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவது அவர் வேலை. அதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷமும் உண்டு. போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் எனக்கு ஒரு கேள்வி அனுப்பினார். 'ரெசொலூட் பே – கிரீஸ் ஃபியோர்ட். தூரம் 385 கிலோமீட்டர். பறக்கும் நேரம் 59 நிமிடம். திரும்பும் நேரமும் 59 நிமிடம். சரியா?'

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரிதான்க்கா. கணக்குதானே."

"எந்த ஊருடா இது?"

"கனடா. மேல எங்கியோ."

"அங்க ஜெட்டு எறங்குமா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நிரலிடமும் இல்லை.

நாங்கள் செய்துகொண்டிருந்தது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையங்களைக் கொடுத்தாலும் இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று சொல்லும் ஒரு கருவி. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமியை ஓர் உருண்டையாக வைத்து, மேற்பரப்பில் மிகக் குறுகிய பாதையைக் கணக்கிட வேண்டும். பெருவட்டத் தூரம் என்பார்கள். அதை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்த்தால் பறக்கும் நேரம் வந்துவிடும். பத்துப் பன்னிரண்டு வரி நிரல். கோலாலம்பூர்–லண்டனுக்கு ஓரளவு ஒத்துவரும். யாரும் குறை சொன்னதில்லை.

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து தேடினேன். கிரீஸ் ஃபியோர்ட் கனடாவின் வடகோடியில், எல்ஸ்மியர் தீவின் தென்கரையில் இருக்கிறது. பொதுமக்கள் வாழும் கனடிய ஊர்களில் அதற்கு வடக்கே வேறு ஊர் இல்லை. ஜனத்தொகை 150ஐத் தாண்டாது. ஓடுபாதை சரளைக்கல் போட்டது, 500 மீட்டர் சொச்சம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல். ஜெட் இறங்கினால் கடலுக்குள்தான் போய் நிற்கும். அங்கே போய்வருவது ட்வின் ஆட்டர் என்கிற சிறு விமானம். இரட்டை இயந்திரம், 19 இருக்கை, மணிக்கு 280 கிலோமீட்டர் வாக்கில் போகும்.

ட்வின் ஆட்டரை எனக்குத் தெரியும். படிப்பை முடித்த வருடம் மீரியிலிருந்து பாரியோவுக்கு அதில்தான் போனேன். பையை நிறுத்த பிறகு ஆளையும் தராசில் ஏறச் சொன்னார்கள். எனக்கு முன்னால் நின்ற கிலாபிட் பாட்டி கூச்சமே இல்லாமல் ஏறி இறங்கினார். நான்தான் நெளிந்தேன். உள்ளே உட்கார்ந்தால் விமானியின் பின்னங்கழுத்து தெரியும். மேகம் இறங்கினால் அன்றைக்குப் பயணம் இல்லை, நாளைக்கும் நிச்சயமில்லை. ஐம்பது நிமிடப் பயணத்துக்கு நான் இரண்டு நாள் காத்திருந்தேன்.

ஆகவே ரெசொலூட்டிலிருந்து கிரீஸ் ஃபியோர்டுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் வாரத்தில் சில நாட்கள்தான். பனிமூட்டமோ குறுக்குக் காற்றோ வந்தால் எத்தனை நாள் தள்ளிப்போகும் என்று எந்தச் சூத்திரத்திலும் இல்லை. என் 59 நிமிடம் பொய் என்று அக்காவிடம் ஒப்புக்கொண்டு திங்கட்கிழமை திருத்திவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் ஓடுபாதையின் நீளத்தைத் தேடும்போது ஒரு படம் வந்தது. கடற்கரையில் ஒரு சிலை. ஒரு பெண், பக்கத்தில் ஒரு சிறுவன், ஒரு நாய். அவள் எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதை என்று படித்துக்கொண்டே போனதில் அன்றிரவு தூக்கம் போனது.

அதைச் சொல்வதற்கு முன் வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பள்ளிச் சுவரில் தொங்கிய உலகப்படத்தில் வடக்கு மிகவும் வீங்கியிருக்கும். நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் வாழ்கிறோம். இங்கே ஒரு பாகை கிழக்கே நகர்ந்தால் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ரெசொலூட் இருக்கும் 75ஆவது பாகை வாக்கில் அதே ஒரு பாகை வெறும் 29 கிலோமீட்டர். மெர்கேட்டர் படத்தில் அந்த இரண்டு ஊர்களும் இருப்பதைவிட நான்கு மடங்கு தள்ளித் தெரியும். நிஜத்தில் அது சுபாங்கிலிருந்து அலோர் ஸ்டார் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட. படம் தூரத்தைப் பெரிதாக்குகிறது, கணக்கு அதைச் சின்னதாக்குகிறது. கணக்கைத்தான் நம்ப வேண்டும் என்று நாலு வருடம் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் நம்பினேன்.

இனி அந்தச் சிலை.

1953 கோடையில், ஹட்சன் வளைகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள இனுக்யுவாக் என்ற ஊரிலிருந்து சில இனுயிட் குடும்பங்களைக் கனடிய அரசு 'சி. டி. ஹவ்' என்ற கப்பலில் ஏற்றியது. வழியில் பாஃபின் தீவின் பாண்ட் இன்லெட்டிலிருந்து மேலும் மூன்று குடும்பங்கள் ஏறின. 1955இல் இன்னும் சிலர் போனார்கள். மொத்தம் 90 பேர் வாக்கில். பழைய இடத்தில் வேட்டை குறைந்துவிட்டது, மக்கள் அரசு உதவியை நம்பி வாழப் பழகிவிட்டார்கள், வடக்கே மிருகங்கள் நிறைய, பழையபடி சொந்தக் காலில் நிற்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். பனிப்போர்க் காலம் அது. மனிதர் வாழாத அந்தத் தீவுகள் தன்னுடையவை என்று காட்டக் கனடாவுக்கு அங்கே ஆட்கள் தேவைப்பட்டார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். குடும்பங்களுக்குக் கொடுத்த வாக்கு எளிமையானது: பிடிக்கவில்லையென்றால் இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம்.

இனுக்யுவாக்கிலிருந்து அந்தப் புது இடம் ஏறக்குறைய 2000 கிலோமீட்டர் வடக்கே. இனுக்யுவாக்கில் குளிர்காலத்திலும் தினமும் சூரியன் உதிக்கும். கோடையில் பெர்ரிப் பழம் பறிக்கலாம். புதிய இடத்தில் மூன்று மாதத்துக்கும் மேல் சூரியனே கிடையாது. முதல் குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்தார்கள். கண்ணெதிரே கஸ்தூரி எருமை மேயும், ஆனால் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு, சுடக்கூடாது. இனுயிட் மொழியில் ரெசொலூட்டின் பெயர் காவ்சுயித்துக், விடியாத இடம். கிரீஸ் ஃபியோர்டின் பெயர் அவ்யுயித்துக், உருகாத இடம். (கிரீஸ் ஃபியோர்ட் என்ற பெயருக்குக் கிரேக்க நாட்டோடு சம்பந்தமில்லை. நார்வேக்காரர்கள் வைத்தது, பன்றிக் கடற்கழி என்று பொருள். வால்ரஸ்களின் சத்தம் பன்றி உறுமுவதுபோல் கேட்டதாம். பெயரிலேயே யார் வந்துபோனவர், யார் வாழ்ந்தவர் என்று தெரிந்துவிடுகிறது.)

எல்லாரையும் ஒரே இடத்தில்தான் இறக்குவார்கள் என்று அந்தக் குடும்பங்கள் நம்பியிருந்தன. கப்பலில் இருக்கும்போதுதான் பிரிக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. சிலர் எல்ஸ்மியர் தீவுக்கு, சிலர் ரெசொலூட்டுக்கு. ஜான் அமகோவாலிக் அப்போது ஐந்து வயதுப் பையன். பின்னாளில் நுனாவுட் பிரதேசம் உருவாக உழைத்தவர்களில் முக்கியமானவர். அந்த நேரத்தில் கப்பல் தளத்தில் பெண்கள் அழத் தொடங்கினார்கள், அதைக் கேட்டு நாய்களும் ஊளையிட்டன என்று அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். இடையில் என் நிரல் 59 நிமிடம் என்று சொன்ன தூரம்.

கணிதத்தில் எதைத் 'தூரம்' என்று அழைக்கலாம் என்பதற்குச் சில விதிகள் உண்டு. ஓரிடத்திலிருந்து அதே இடத்துக்குத் தூரம் சுழியம். சுற்றிப் போவது நேராகப் போவதைவிடக் குறைவாக இருக்காது. இன்னொன்று சமச்சீர்: அ-விலிருந்து ஆ-வுக்கு எவ்வளவோ, ஆ-விலிருந்து அ-வுக்கும் அவ்வளவே. முதலாமாண்டில் இந்த விதியைப் படித்தபோது, இதைப்போய் எழுதிவைக்க வேண்டுமா என்று சிரித்தது ஞாபகம் இருக்கிறது. என் நிரலில் இதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தியிருந்தேன். ஒவ்வொரு ஜோடி ஊருக்கும் ஒரே ஒரு பதிவுதான். பெயரை அகரவரிசையில் அடுக்கிச் சேமித்துவிடுவேன். திரும்பும் பயணத்தைக் கேட்டால் அதே எண்ணைத் தூக்கிக் கொடுத்துவிடும். நினைவகம் பாதியாகக் குறைந்தது என்று ஒரு கூட்டத்தில் பாராட்டுகூட வாங்கினேன்.

அந்த 90 பேருக்கு இந்த விதி வேலை செய்யவில்லை. போகும் வழி இருந்தது: கப்பல், உணவு, பொறுப்பதிகாரி, கழுத்தில் மாட்டிய எண். (ஆம், எண். அந்தக் காலத்தில் இனுயிட் மக்களுக்கு ஆளுக்கொரு வில்லையில் எண் பொறித்துக் கொடுத்திருந்தது அரசு.) திரும்பும் வழி மட்டும் யாருடைய வரவுசெலவிலும் இல்லை. இரண்டு வருடம் கழிந்தது. திரும்ப வேண்டும் என்று கேட்டவர்களுக்குப் பதில் இழுத்தடிக்கப்பட்டது. நீங்கள் போவதற்குப் பதில் உங்கள் சொந்தக்காரர்கள் இங்கே வரட்டுமே என்ற யோசனையும் வந்தது. 1955இல் போனவர்களில் சிலர் அப்படிப் போனவர்கள்தான்.

அவர்களில் ஒருவரைப் பற்றிச் சினிமா பார்க்கிற நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும். 1922இல் வெளிவந்த 'நானூக் ஆஃப் தி நார்த்' இனுக்யுவாக் பகுதியில் எடுக்கப்பட்ட படம். ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி படத்தை எடுத்து முடித்து ஊர் திரும்பினார், உலகப்புகழ் பெற்றார். அவர் போன பிறகு அங்கே ஓர் இனுயிட் பெண்ணுக்கு அவருடைய மகன் பிறந்தான். அப்பா அந்தப் பக்கம் மறுபடி வரவே இல்லை. அந்த மகன் ஜோசெஃபிதான் 1955இல் மனைவி மக்களோடு கிரீஸ் ஃபியோர்டுக்குக் கப்பலேறினார். அந்தப் படத்தைப் பல்கலைக்கழகத் திரைப்படக் கழகத்தில் பார்த்துக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

அவர்கள் சம்மதித்துத்தானே போனார்கள் என்பது அதிகாரிகளின் வாதம். எனக்கு இங்கேதான் நீண்ட நேரம் நிற்கத் தோன்றுகிறது. 1994இல் அரச ஆணையம் ஒன்று இந்த இடமாற்றத்தைப் பற்றி ஒரு தனி அறிக்கை வெளியிட்டது. இதை விளக்குகிறவர்கள் ஓர் இனுயிட் சொல்லைக் குறிப்பிடுகிறார்கள்: இலிரா. நம்மீது அதிகாரம் உள்ளவர் முன்னால், அவர் கோபப்படாவிட்டாலும், எதுவும் செய்யாவிட்டாலும், வரும் ஒருவிதப் பயம் கலந்த அடக்கம். மறுப்புச் சொல்ல நாக்கு எழாத நிலை. இந்தச் சொல்லுக்கு எனக்கு அகராதி தேவைப்படவில்லை. தோட்டத்து ஆபீஸ் வாசலில் தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். அந்த நிலையில் நிற்பவர் 'சரிங்க' என்று சொன்னால் அதைச் சம்மதம் என்று பதிவேட்டில் எழுதுவது எழுதுபவருக்கு வசதி.

இதை நண்பன் ஒருவனிடம் மாமாக் கடையில் சொன்னபோது அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "அது அரசாங்கம் பண்ண தப்பு. ஒன்னோட கணக்கு என்ன பண்ணுச்சி? தூரம் 385ன்னா 385தான். யாருக்கு வழி இருக்கு, யாருக்கு இல்லன்னு பார்க்கறது கணக்கோட வேலை இல்லியே." நியாயமான பேச்சு. எண்ணுக்கு மனசாட்சி கிடையாது. ஆனால் எண்ணை யாரும் தனியாகக் கொடுப்பதில்லை. '59 நிமிடம்' என்று நான் திரையில் காட்டும்போது, உன்னால் போக முடியும், அதே நேரத்தில் திரும்பவும் முடியும் என்று ஒருவரிடம் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதை நான் எழுதவில்லை என்று தப்பித்துக்கொள்ளலாம். 'இரண்டு வருடம்' என்று சொன்ன அதிகாரியும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவர் நம்பிக்கூடச் சொல்லியிருக்கலாம். திரும்பும் கப்பலுக்கு யார் ஏற்பாடு செய்வார் என்று யோசிப்பது அவர் மேசைக்கு வந்த வேலை இல்லை. என் மேசைக்கும் அது வரவில்லை. நேர்மையாகச் சொன்னால் இதுதான் என்னை உறுத்துகிறது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் 2000 கிலோமீட்டர், இத்தனை நாள், இத்தனை டன் உணவு என்று துல்லியமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பேன். பாராட்டும் வாங்கியிருப்பேன்.

ரெசொலூட் என்ற பெயரிலும் ஒரு திரும்புதல் இருக்கிறது. காணாமல்போன ஃபிராங்க்லின் குழுவைத் தேடிவந்த பிரிட்டிஷ் கப்பல் 'ரெசொலூட்'. பனியில் சிக்கிக் கிடந்த அதை 1854இல் மாலுமிகள் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஆளில்லாத அந்தக் கப்பல் பனியோடு நகர்ந்து நகர்ந்து சுமார் 1900 கிலோமீட்டர் மிதந்துபோய், 1855இல் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றின் கண்ணில் பட்டது. அமெரிக்கா அதை விலைக்கு வாங்கிப் பழுதுபார்த்து, 1856இல் விக்டோரியா மகாராணியிடம் மரியாதையோடு திருப்பிக் கொடுத்தது. பின்னாளில் அதன் மரத்தில் செய்த மேசைதான் அமெரிக்க அதிபரின் அறையில் இருக்கிறது. ஏறக்குறைய அதே தூரம் வடக்கே போன மனிதர்களைத் திருப்பி அனுப்ப முப்பது வருடத்துக்கும் மேல் தேவைப்பட்டது.

1980களின் கடைசியில்தான் அரசு செலவில் சில குடும்பங்கள் இனுக்யுவாக்குக்குத் திரும்பின. இதோடு கதை முடிந்தது, வாக்கு தாமதமாகவாவது காப்பாற்றப்பட்டது என்று எழுதத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. அப்படி எழுத முடியவில்லை. அதற்குள் அங்கே பிள்ளைகள் பிறந்து வளர்ந்து கல்யாணம் முடித்திருந்தார்கள். அவர்களுக்கு உருகாத இடம்தான் சொந்த ஊர். பெற்றோர் கிளம்பினார்கள், பிள்ளைகள் பலர் தங்கினார்கள். ஆக, திரும்பியதும் குடும்பம் இரண்டாம் முறை பிரிந்தது. என் சமச்சீர் வாதத்திலேயே இது ஓட்டை போடுகிறது. திரும்பும் டிக்கெட்டைக் கையில் கொடுத்தாலும் போனது கழியாது. 1953ஐ எங்கே போய்த் திருப்பிக் கொடுப்பது? 1996இல் ஒரு கோடி டாலர் நிதி ஒதுக்கினார்கள், மன்னிப்புக் கேட்காமல். 2010 ஆகஸ்ட் 18 அன்று அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டது. 57 வருடம்.

அதே 2010இல்தான் சிலைகள் வந்தன. ஒன்று இல்லை, இரண்டு. கிரீஸ் ஃபியோர்டில் லூட்டி பிஜமினி செதுக்கிய பெண்ணும் சிறுவனும் நாயும். ரெசொலூட்டில் சிமியோனி அமகோவாலிக் செதுக்கிய தனி ஆள். அவள் ரெசொலூட் இருக்கும் திசையைப் பார்க்கிறாள், அவன் கிரீஸ் ஃபியோர்ட் இருக்கும் திசையை. பூமியின் வளைவு இடையில் இருக்கிறது. 385 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பது எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் திசை சரி. என் சூத்திரத்தில் ஆரம்பத் திசைக் கோணமும் வரும், ஓர் ஆர்வத்தில் போட்டுப் பார்த்தேன். இரண்டு முனையிலிருந்தும் கோணம் நேர் எதிராக வரவில்லை. அவ்வளவு வடக்கில் பெருவட்டப் பாதை வளைவதால், புறப்படும் திசையும் வந்து சேரும் திசையும் பத்துப் பாகைக்கு மேல் மாறிவிடுகின்றன. தூரத்துக்குச் சமச்சீர் இருந்தாலும் திசைக்கு இல்லை. இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். பரீட்சையில் எழுதியுமிருக்கிறேன்.

இதை எழுதும்போது சொந்தக் கதை ஒன்றையும் மறைக்கக்கூடாது. சைபர்ஜெயாவில் வேலை கிடைத்துச் சுங்கை சிப்புட்டை விட்டுக் கிளம்பிய அன்று அம்மா வாசல்வரை வந்தார். "மூணு மணி நேரந்தானம்மா. நெனச்சா வந்துருவேன்" என்றேன். பொய் சொல்லவில்லை, நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம்தான். ஐந்து வருடத்தில் தீபாவளி நீங்கலாக எத்தனை முறை போனேன் என்று எண்ணினால் ஒரு கை போதும். கப்பலில் ஏற்றப்பட்டவர்களோடு இதை ஒப்பிடவில்லை, அப்படி ஒப்பிடுவது அசிங்கம். எனக்குக் கார் இருக்கிறது, லீவு இருக்கிறது, யாரும் தடுக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை நான் எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்பது மட்டும் ஞாபகம் வருகிறது. எண் சரியாக இருந்ததால்தான் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது.

திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் 59ஐ எடுத்துவிட்டு, சின்ன ஓடுபாதை உள்ள ஊர்களுக்கெல்லாம் சின்ன விமானத்தின் வேகத்தைப் போட்டேன். பிறகு ஜோடிப் பதிவைப் பிரித்து, போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்று இரண்டாக்கினேன். ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. நினைவகம் மறுபடி இரட்டிப்பானது. எங்கள் குழுத்தலைவர் வந்து ஏன் என்று கேட்டார். மேல்வானத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது, லண்டன் போக ஆகும் நேரமும் திரும்பிவர ஆகும் நேரமும் ஒன்றில்லை என்றேன். அது உண்மைதான். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அக்கா மட்டும் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"காத்துக்காகவாடா இவ்வளவும்?"

"ஆமாக்கா" என்றேன்.